தோற்றவர் எழுந்துகொள்ள வேண்டும்

புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரிலிருந்து காசிமேட்டுக்கு நடந்தே போய்விடலாம். மகளிர் கேரம் உலகக் கோப்பை அங்கிருந்து இங்கே வந்துசேர ஒரு வருடம் ஆனது. வழியில் அமெரிக்காவுக்கும் மாலத்தீவுக்கும் போய் வந்தது. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் செரியன் நகரைச் சேர்ந்த 17 வயது காசிமா ஒற்றையர், இரட்டையர், குழு என மூன்று பிரிவுகளிலும் தங்கம் வென்றார். 2025 டிசம்பரில் மாலத்தீவில் அதே மூன்று தங்கங்களையும் வென்றவர் காசிமேட்டின் கீர்த்தனா. பதினெட்டு வயதில் காசிமா 'முன்னாள் சாம்பியன்' ஆகிவிட்டார்.

ஆண்கள் டென்னிஸில் இதே போன்ற ஒரு மாற்றத்துக்குப் பதினெட்டு ஆண்டுகள் பிடித்தன. 2004 பிப்ரவரியில் ரோஜர் ஃபெடரர் தரவரிசையின் முதலிடத்தில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து 2022 பிப்ரவரி 28ஆம் தேதி டேனியல் மெத்வதேவ் அந்த இடத்துக்கு வரும்வரை ஃபெடரர், நடால், ஜோகோவிச், மர்ரி ஆகிய நால்வரைத் தவிர வேறு யாரும் அங்கே இருந்ததில்லை. அந்த ஆண்டே செப்டம்பரில் 19 வயது கார்லோஸ் அல்கராஸ் அமெரிக்க ஓப்பனை வென்று, தரவரிசை வரலாற்றிலேயே மிக இளைய முதலிடக்காரர் ஆனார். 2024 ஜூனில் யானிக் சின்னர் அந்த இடத்துக்கு வந்தார். 2024, 2025 ஆகிய இரண்டு ஆண்டுகளின் எட்டு கிராண்ட் ஸ்லாம் பட்டங்களையும் இந்த இருவரே ஆளுக்கு நான்காகப் பங்குபோட்டுக்கொண்டார்கள்.

இளையவர்கள் எழுவதும் மூத்த சாம்பியன்கள் இறங்குவதும் விளையாட்டின் இயல்பு என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் ஒரு விளையாட்டில் அது ஒரு வருடத்தில் நடக்கிறது, இன்னொன்றில் ஒரு தலைமுறைக் காலம் இழுக்கிறது என்றால், திறமையையும் வயதையும் தாண்டி வேறு ஏதோ குறுக்கே நிற்கிறது என்றுதான் பொருள். அது என்னவென்று பார்க்க வடசென்னை நல்ல இடம். இங்கே கேரம் தழைத்தது, டென்னிஸ் தழைக்கவில்லை. டென்னிஸோ இங்கிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள்தான், நுங்கம்பாக்கத்தில், உலகத் தரத்தில் ஆடப்பட்டுக்கொண்டிருந்தது.

முதலில் இடக்கணக்கு. டென்னிஸ் களத்தின் நீளம் 23.77 மீட்டர். இரட்டையர் ஆட்டத்துக்கான அகலம் 10.97 மீட்டர். கோட்டுக்கு வெளியே ஓடித் திரும்பவும் இடம் வேண்டும். கேரம் பலகையின் ஆடுபரப்பு ஒரு பக்கம் 74 சென்டிமீட்டர். டென்னிஸ் களத்தின் கோடுகளுக்குள் மட்டும் 440க்கு மேற்பட்ட கேரம் பரப்புகளை விரிக்கலாம். ஒரு அறையில் சமையலும் படுக்கையும் படிப்பும் நடக்கும் குடியிருப்புகளில் எந்த விளையாட்டு நுழையும், எது வாசலிலேயே நின்றுவிடும் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நேரக்கணக்கும் உண்டு. தென்னிந்தியாவின் முதல் ரயில் நிலையம் 1856இல் ராயபுரத்தில் திறக்கப்பட்ட காலத்திலிருந்தே இந்தப் பகுதி மணியடித்து வேலைக்குப் போகும் பகுதி. துறைமுகம், எண்ணூரில் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டும் விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையும், மணலியில் சுத்திகரிப்பு ஆலை. ஷிப்ட் முடிந்து வருபவனுக்கு ஒரு மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கிடைக்கும், அதுவும் பெரும்பாலும் இருட்டிய பிறகு. மீனவர்களுக்கு வேறு வகை ஓய்வு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். ஒரு பல்பும் நாலு ஸ்டூலும் இருந்தால் எந்த நேரத்திலும் ஆடக்கூடிய விளையாட்டு இந்த வாழ்க்கைக்குப் பொருந்தியது. வெற்றிமாறனின் 'வடசென்னை' படத்தில் அன்பு கேரம் ஆட்டக்காரனாக வருவது இயக்குநரின் அலங்காரம் அல்ல. அந்தப் பகுதியின் ஒரு இளைஞனுக்கு 'இவன் வேறு மாதிரி ஆகியிருக்கலாம்' என்று காட்ட வேறு எந்த விளையாட்டைக் கொடுத்தாலும் படம் பொய் சொல்லியிருக்கும்.

தெருமுனை கேரம் கிளப்பில் எழுதி ஒட்டாத விதி ஒன்று உண்டு. வென்றவர் உட்கார்ந்திருப்பார், தோற்றவர் எழுந்துகொள்ள வேண்டும். அடுத்த ஆள் யாராக இருந்தாலும், நேற்று ஸ்ட்ரைக்கர் பிடிக்கக் கற்றவனாக இருந்தாலும், அந்த ஸ்டூலில் உட்கார்ந்து வென்றவரை எதிர்கொள்ளலாம். பெயர் சொல்லிவிட்டுக் காத்திருந்தால் போதும். இதுவும் ஒரு தரவரிசைதான். பட்டியலில் கடைசியில் நிற்பவனுக்கும் முதலில் இருப்பவருக்கும் இடையே ஒரே ஆட்டத்தின் தூரம். அந்தப் பேட்டையின் பெரிய ஆட்டக்காரர் யார் என்பது ஒவ்வொரு ராத்திரியும் மறுபடி சோதிக்கப்படுகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை நாற்பது வயதுக்காரரிடம் நூறு முறை தோற்று நூற்றோராவது முறை ஜெயிக்கும்போது அது செய்தியாவதில்லை. அடுத்த ஆளுக்குப் பவுடர் தூவுகிறார்கள்.

டென்னிஸ் தரவரிசையின் கட்டுமானம் இதற்கு நேர் எதிர். 1973 ஆகஸ்ட் 23 அன்று முதல் கணினிப் பட்டியல் வந்தது, ருமேனியாவின் இலியே நஸ்டாசே முதலிடம். அதற்கு முன் யாரைப் போட்டிக்குள் சேர்ப்பது என்பதை நடத்துபவர்களின் விருப்பமும் பத்திரிகையாளர்களின் அபிப்பிராயமும் முடிவு செய்தன. பெயருள்ளவருக்கு அழைப்பு வரும், பெயரில்லாதவர் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டும். அந்தப் பாரபட்சத்தை ஒழிக்க வந்ததே கணக்கு. நோக்கம் நியாயமானது. அதன் முதல் நாட்களிலேயே ஒரு சென்னைக்காரர் அதன் உயிர்ப்பைக் காட்டினார். பட்டியல் வெளியான சில நாட்களில் தொடங்கிய அமெரிக்க ஓப்பனில் 19 வயது விஜய் அமிர்தராஜ், இரண்டு முறை ஒரே ஆண்டில் நான்கு கிராண்ட் ஸ்லாம்களையும் வென்ற ராட் லேவரை வீழ்த்திக் காலிறுதிக்குப் போனார். லேவருக்கு அப்போது 35 வயது. இளையவர் மூத்தவரை வெல்வதன் பாடப்புத்தக உதாரணம் அது.

ஆனால் விஜய் அந்தக் களத்துக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அவருடைய தாய் மேகி அமிர்தராஜ் சென்னையில் அட்டைப்பெட்டித் தொழிற்சாலை நடத்தியவர். மூன்று மகன்களையும் டென்னிஸ் ஆடவைத்தது அந்தக் குடும்பத்தின் உறுதி மட்டுமில்லை, அந்தத் தொழிற்சாலையும்தான். விஜய்க்கு முன் ராமநாதன் கிருஷ்ணன் 1954இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்று 1960, 61இல் அரையிறுதிக்குப் போனவர். மகன் ரமேஷ் 1979இல் அதே ஜூனியர் பட்டத்தை வென்றார். சென்னை டென்னிஸ் என்பது நெடுங்காலம் இரண்டு வீடுகளின் கதை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வீடு சுமக்காவிட்டால் வேறு யாரும் சுமக்காத விளையாட்டாக அது இருந்தது என்பதைச் சொல்கிறேன். இந்த வளையத்தை உடைக்க நடந்த ஒரு நல்ல முயற்சி, 1985இல் பிரிட்டானியா நிறுவனத்தின் துணையோடு சென்னையில் தொடங்கிய அமிர்தராஜ் பயிற்சித் திட்டம். தேர்ந்தெடுத்த பையன்களின் செலவை நிறுவனம் ஏற்றது. கொல்கத்தாவிலிருந்து வந்து சேர்ந்த லியாண்டர் பயஸ் 1990இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம் வென்றார். செலவை வேறொருவர் ஏற்றால் என்ன நடக்கும் என்பதற்கு அது போதிய சான்று.

இனி இன்றைய கணக்கு. கடந்த ஐம்பத்திரண்டு வாரங்களில் ஒருவர் எடுத்த புள்ளிகள்தான் அவருடைய இடம். கிராண்ட் ஸ்லாம் வென்றால் 2000 புள்ளி, அடுத்த நிலைப் பெரிய போட்டிகளில் 1000. போன வருடம் இதே வாரம் எடுத்தது இந்த வருடம் உதிரும், திரும்ப எடுத்தாக வேண்டும். பார்த்தால் சாம்பியனுக்கு எதிரான விதிபோல் தெரிகிறது. நடப்பது வேறு. கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் 128 பேர். அவர்களில் 104 பேர் தரவரிசையின் பேரில் நேராக நுழைகிறார்கள், 16 பேர் தகுதிச் சுற்றிலிருந்து, 8 பேர் வைல்ட் கார்டில். ஆக, பெரிய புள்ளிகள் கிடைக்கும் இடத்துக்குள் போகவே ஏற்கெனவே நூற்றுச் சொச்சத்துக்குள் இருக்க வேண்டும். உள்ளே போன பிறகும், 2001 விம்பிள்டனிலிருந்து சீட் பெறுவோர் 16லிருந்து 32 ஆக்கப்பட்டனர். அதனால் முதல் இரண்டு சுற்றுகளில் பெரிய ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் சந்திப்பதில்லை. ஐந்து செட் ஆட்டம் வேறு. முதல் இரண்டு செட்டை ஒரு இளைஞன் வெறித்தனமாக ஆடி எடுத்துவிட்டாலும், திருத்திக்கொள்ள சாம்பியனுக்கு இன்னும் மூன்று செட் அவகாசம். நால்வரும் பதினெட்டு ஆண்டுகள் முதலிடத்தை விடாமல் வைத்திருந்ததற்கு அவர்களுடைய மேதைமைதான் முதல் காரணம். சந்தேகமே இல்லை. ஆனால் ஏணியும் மேலே இருப்பவருக்கு வசதியாகவே அமைந்திருந்தது.

தெருக் கேரமில் நிற்பவன் அடுத்த ஆட்டத்திலேயே சாம்பியனைச் சந்திக்கிறான். டென்னிஸில் நானூறாவது இடத்துக்காரன் சாம்பியனைச் சந்திக்கச் சில ஆண்டுகளும் பல விமானச் சீட்டுகளும் வேண்டும். சர்வதேச டென்னிஸ் சம்மேளனமான ஐ.டி.எஃப்.பின் கீழ்நிலைப் போட்டிகளின் ஒரு வகையில் மொத்தப் பரிசே 15,000 டாலர். அதை முப்பத்திரண்டு ஆட்டக்காரர்களும் இரட்டையர் ஜோடிகளும் பிரித்துக்கொள்ள வேண்டும். வென்றவரே பயணச் செலவு போக மிச்சம் பார்ப்பது கடினம்.

இதை எண்ணிக்கையாக இல்லாமல் ஒரு ஆளாகப் பார்க்க சுமித் நாகல் இருக்கிறார். ஹரியானாக்காரர். 2023 செப்டம்பரில், இந்தியாவின் முதல்நிலை ஒற்றையர் ஆட்டக்காரராக இருந்தபோதே, தன் வங்கிக் கணக்கில் சுமார் 900 யூரோதான் மிச்சம் என்று வெளிப்படையாகச் சொன்னார். நான்கு மாதம் கழித்து ஆஸ்திரேலிய ஓப்பனில் தகுதிச் சுற்று வழியே நுழைந்து, 31ஆவது சீட் அலெக்சாண்டர் பூப்லிக்கைத் தோற்கடித்தார். கிராண்ட் ஸ்லாம் ஒற்றையரில் ஒரு இந்தியர் சீட் பெற்றவரை வென்றது அதற்கு முன் 1989இல், அதே மெல்பர்னில், ரமேஷ் கிருஷ்ணன் அப்போதைய முதலிடக்காரர் மாட்ஸ் விலாண்டரை வென்றபோதுதான். 35 ஆண்டு இடைவெளி. அடுத்த மாதமே நாகல் நுங்கம்பாக்கத்தில் சென்னை சேலஞ்சர் பட்டத்தை வென்று முதல் நூறு பேருக்குள் வந்தார். அவருடைய ஃபோர்ஹேண்ட் செப்டம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் புதிதாக முளைத்ததில்லை. 900 யூரோவோடு வீட்டுக்குத் திரும்பியிருந்தால் அது எந்தப் பட்டியலிலும் வந்திருக்காது. தரவரிசை ஒருவர் எவ்வளவு நன்றாக ஆடுகிறார் என்பதோடு, ஊரைவிட்டுத் தொலைவில் எத்தனை தோல்விகளைத் தாங்க அவரால் முடியும் என்பதையும் அளக்கிறது. இந்த இரண்டாவது அளவைப் பட்டியல் தனியாகக் காட்டுவதில்லை.

டென்னிஸ் உலகமே இதை உணர்ந்துவிட்டது என்பதற்கு ஒரு அடையாளம் உண்டு. 2024இல் ஆண்கள் சங்கமான ஏ.டி.பி. குறைந்தபட்ச வருமானத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அந்த ஆண்டில் முதல் நூறு பேருக்கு 3,00,000 டாலர், 101 முதல் 175 வரை 1,50,000, 176 முதல் 250 வரை 75,000. பரிசுப் பணம் அதைவிடக் குறைந்தால் மீதியைச் சங்கம் நிரப்பும். ஏணியின் நடுப்படிகளுக்கு ஆணி அடிக்கிறார்கள். அதற்குக் கீழே இருப்பவர்கள் இன்னும் கயிற்றில்தான்.

சரி, கேரமுக்கு வருவோம். விளையாட்டின் விதிகளிலேயே ஒரு வேறுபாடு இருக்கிறது. அதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். சர்வதேச கேரம் சம்மேளனம் 1988இல் சென்னையில்தான் உருவானது. விதிகளும் அந்த ஆண்டே எழுதப்பட்டன. ஒன்பது வெள்ளை, ஒன்பது கறுப்பு, நடுவில் ஒரு ரெட். தன் காய்களை முதலில் முடிப்பவருக்கு, எதிராளியின் காய் பலகையில் எத்தனை மிச்சமோ அத்தனை புள்ளி. ரெட்டைப் போட்டு, அதற்கு ஃபாலோவும் போட்டிருந்தால் மேலும் மூன்று. ஆக ஒரு போர்டுக்கு அதிகபட்சம் பன்னிரண்டு. 25 புள்ளியோ எட்டு போர்டோ, எது முன்னால் வருகிறதோ அதோடு ஒரு கேம் முடியும். மூன்று கேம்களில் இரண்டை எடுத்தவருக்கு மேட்ச்.

இப்போது கவனிக்க வேண்டிய விதி. ஒருவர் 22 புள்ளியைத் தொட்டுவிட்டால் அதற்குப் பிறகு ரெட்டுக்கு அவருக்குப் புள்ளி கிடையாது. பின்தங்கியவருக்கு மட்டும் அந்த மூன்று புள்ளி தொடர்ந்து உண்டு. 22-14 என்று வைத்துக்கொள்வோம். முன்னிலையில் இருப்பவர் ரெட்டைப் போடுவது தடுக்கத்தான், சம்பாதிக்க அல்ல. தடுப்பதற்காக அவர் செலவழிக்கும் ஒவ்வொரு வீச்சும் தன் காய்களை முடிப்பதற்கு ஆகாமல் போகிறது. எதிரே இருப்பவர் நல்ல பிரேக் கிடைத்து ஒரே கையில் எல்லாவற்றையும் போட்டுவிட்டால் பன்னிரண்டு சேர்ந்து 26, கேம் முடிந்தது. ஒயிட் ஸ்லாம் என்று சொல்வது இதைத்தான். முன்னிலையில் இருந்தவர் அந்த போர்டில் ஸ்ட்ரைக்கரைத் தொட்டிருக்கவே மாட்டார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். டென்னிஸில் எவ்வளவு பெரிய சர்வீஸ்காரரை எதிர்த்தாலும் ஒரு கேம் விட்டு ஒரு கேம் பந்து உங்கள் கைக்கு வந்துவிடும்.

பந்தயத்தின் கடைசிக் கட்டத்தில் முன்னால் இருப்பவரின் காலில் கொஞ்சம் பாரம் கட்டும் இந்த விதியை எழுதியவர்கள் எந்த ஆட்டத்தைப் பார்த்து எழுதினார்களோ தெரியாது. எனக்கு அது தெருமுனை கிளப்பின் குணமாகவே படுகிறது. முன்னால் போனவன் போய்க்கொண்டே இருந்தால் வேடிக்கை பார்ப்பவர்கள் கலைந்துவிடுவார்கள்.

இப்படி எல்லாம் இளையவருக்குச் சாதகமாக இருக்கும்போது கேரமில் நீண்ட கால சாம்பியன்களே இருக்கக் கூடாது. இருக்கிறார்கள். 1991இல் டெல்லியில் நடந்த முதல் உலகச் சாம்பியன் போட்டியையும் 1995இல் கொழும்பில் நடந்ததையும் வென்றவர் சென்னையின் மரிய இருதயம். தேசியப் பட்டம் ஒன்பது முறை. 1996இல் அர்ஜுனா விருது பெற்றார், அந்த விருதைப் பெற்ற முதல் கேரம் ஆட்டக்காரர் அவர். மகளிரில் பிகாரின் ரஷ்மி குமாரி இன்னும் நீண்ட கதை. உலகப் பட்டங்களும் பத்துக்கு மேற்பட்ட தேசியப் பட்டங்களும் எடுத்து, இரண்டு பத்தாண்டுகளாக முன்வரிசையில் நிற்பவர்.

காரணம் உடல். டென்னிஸில் காலம் இளையவர் பக்கம் நிற்கிறது. முழங்கால் தேயும், முதுகு பிடிக்கும், ஒரு நாள் கால் பந்துக்கு ஒரு அடி பின்னால் வந்து சேரும். ஃபெடரரின் கடைசி கிராண்ட் ஸ்லாம் 2018இல், ஜோகோவிச்சின் 24ஆவது 2023இல், இருவருக்கும் அப்போது 36 வயது. நடால் 2024 நவம்பரில் மாலகாவில் டேவிஸ் கோப்பையோடு விடைபெற்றார். அல்கராஸும் சின்னரும் பெரும் ஆட்டக்காரர்கள்தான், இருந்தாலும் அவர்களுக்காகக் காலமும் பாதி வேலையைச் செய்து கொடுத்தது. கேரமில் அந்த உதவி கிடையாது. 15 கிராமுக்கு மிகாத ஸ்ட்ரைக்கரைச் சுண்ட முழங்கால் தேவையில்லை. நாற்பது வயது ஆட்டக்காரருக்கு இருபது வயதில் இருந்த 'கட்' ஷாட்டும் 'டபுள்' ஷாட்டும் அப்படியே இருக்கும், கூடவே எந்தக் காயை விட்டுவைப்பது என்ற அறிவும் சேர்ந்திருக்கும். மூத்த சாம்பியன் தானாகத் தேயமாட்டார், முழுப் பலத்தோடு இருக்கும்போதே அவரை வீழ்த்தியாக வேண்டும். 2008இல் பிரான்சின் கான் நகரில் வியாசர்பாடி இளவழகி உலகப் பட்டம் வென்றபோது இறுதியில் எதிரே இருந்தவர் ரஷ்மி குமாரி. 2012 கொழும்பில் பட்டம் மீண்டும் ரஷ்மிக்கே போனது. போன பட்டம் திரும்பி வருவது கேரமில் அதிசயமில்லை. காசிமாவுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். இருபது வயதுகூட ஆகாத முன்னாள் சாம்பியனுக்கு இருபது ஆண்டுகள் மிச்சம் இருக்கின்றன.

இன்னொரு கேள்வி. தெருமுனை கிளப் என்பது ஆண்களின் இடம். பெட் கட்டி ஆடுவார்கள் என்று கெட்ட பெயர் உண்டு, போலீஸ் வந்து போர்டைத் தூக்கிக்கொண்டு போன கதைகள் எல்லாப் பேட்டையிலும் உண்டு. பெண்பிள்ளை அந்தப் பக்கம் போனால் வீட்டில் கேட்பார்கள். அப்படியிருக்க, இளவழகி, காசிமா, கீர்த்தனா என்று வடசென்னையின் உலகப் பட்டங்களில் இத்தனை பெண்கள் பக்கம் ஏன் சேர்ந்தன? ஒரு பதில்தான் எனக்குப் பொருந்தித் தெரிகிறது. ஆண்பிள்ளைக்குத் தெரு கிளப் போதும், அவன் அங்கேயே ஆடி அங்கேயே பெரியவனாகிவிடுவான். பெண்பிள்ளைக்கு அது மூடியிருப்பதால், கற்றுக்கொள்ள வேண்டுமானால் வீட்டுப் பெரியவர்களின் துணையோடு பயிற்சி மையத்துக்குத்தான் போக வேண்டும். பயிற்சி மையம் என்றால் விதிப்படி ஆட்டம், நடுவர், மாநிலத் தரவரிசைப் போட்டி என்று பாதை ஒன்று தானாகத் திறக்கிறது. ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா அந்தப் பாதையில் வந்தவர். தடையே ஒழுங்கைக் கொடுத்தது என்று பெருமைப்பட இதில் ஒன்றுமில்லை. பாதைக்கு வர முடியாமல் வீட்டோடு நின்றுபோன பெண்கள் இந்தக் கணக்கில் இல்லவே இல்லை.

பாதையில் வழிகாட்ட நிற்பவர் பழைய சாம்பியன் என்பது இந்தக் கதையின் நல்ல பகுதி. மரிய இருதயம் இன்று மாநில கேரம் சங்கத்தின் நிர்வாகி. காசிமாவும் அவரோடு போன மித்ராவும் நாகஜோதியும் அமெரிக்காவில் ஆடியபோது பயிற்சியாளராக நின்றவரும் அவரே. டென்னிஸிலும் இப்படி உண்டு. 2003இல் முதலிடத்தில் இருந்த ஹுவான் கார்லோஸ் ஃபெரேரோதான் 2025 வரை அல்கராஸின் பயிற்சியாளர். ஆனால் ஃபெரேரோவுக்குத் தன் பெயரில் அகாடமி உண்டு, சம்பளமும் கிடைத்தது. கேரமில் பழைய சாம்பியன் பெரும்பாலும் அலுவலகம் முடிந்து வந்து சொல்லிக்கொடுப்பவர்.

அங்கேதான் கேரம் ஏணியின் குறை தெரிகிறது. கதவு அகலமாகத் திறந்திருக்கிறது, உள்ளே போனால் கூடம் சின்னது. ஒலிம்பிக்கிலும் ஆசிய விளையாட்டிலும் கேரம் இல்லை. ஆண்டு முழுவதும் ஊர் ஊராக ஆடி வயிறு வளர்க்கும் தொழில்முறைச் சுற்று இல்லை. ஆட்டக்காரரின் கனவு பெட்ரோலிய நிறுவனங்களின் விளையாட்டு வாரியம், ரிசர்வ் வங்கி, எல்.ஐ.சி. போன்ற இடங்களில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலை. அந்த வேலை கிடைத்தால் ஆட்டம் இருபது ஆண்டு தொடரும். கிடைக்காதவருக்குப் பத்தொன்பது வயதிலிருந்து வேறு வேலை தேட வேண்டிய கட்டாயம். சாம்பியனைத் தோற்கடிப்பது வடசென்னையில் சுலபமான பகுதி என்றுகூடச் சொல்லலாம். தோற்கடித்த பிறகு அடுத்த ஐந்து வருடம் ஆடிக்கொண்டே இருப்பதுதான் கடினம். டென்னிஸில் நுழைவது கடினம், நுழைந்து நூற்றுக்குள் வந்தவர் நிலைப்பார். இங்கே தலைகீழ்.

அரசு கண்டுகொள்ளவில்லை என்று இன்று சொல்ல முடியாது. அமெரிக்கா போகக் காசிமாவுக்குத் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளை உதவியது. வென்று வந்த பிறகு 1 கோடி ரூபாய், மித்ராவுக்கும் நாகஜோதிக்கும் தலா 50 லட்சம். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் அண்மை ஆண்டுகளில் கேரமும் சேர்ந்திருக்கிறது. மாநில அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. ஒரு கேரம் பெண்ணின் படம் பத்திரிகை முதல் பக்கத்தில் வருவதும், அவள் வீட்டுக்குக் கோடி ரூபாய் போவதும் இருபது வருடம் முன்னால் நினைத்துப் பார்க்க முடியாதது. அந்தப் பணத்தில் ஒரு ரூபாயையும் யாரும் குறைக்கக் கூடாது.

ஆனால் பரிசு ஏணியின் உச்சியில் மட்டும் கொட்டுகிறது. உலகக் கோப்பையை எடுத்தவருக்குக் கோடி, மாநிலத் தரவரிசைப் போட்டியில் காலிறுதியோடு நின்றவருக்குச் சான்றிதழும் கைக்காசில் பஸ் கட்டணமும். நாளைய கீர்த்தனா இப்போது அந்தக் காலிறுதியில் தோற்றுக்கொண்டிருக்கிறார். தோற்கத் தோற்கத்தான் அவர் ஆட்டம் தேறும், அதற்கு அவர் தொடர்ந்து வர வேண்டும். ஏ.டி.பி. 250ஆவது இடத்துக்காரருக்கு என்ன செய்கிறதோ அதை இங்கே செய்யப் பெரிய நிதி ஒன்றும் வேண்டியதில்லை. மாதம் 5,000 ரூபாய் என்றால் ஒருவருக்கு ஆண்டுக்கு 60,000. பரிசுகளுக்கு மேல் இன்னொரு 1 கோடியை ஒதுக்கினால் 166 பேருக்கு ஒரு வருடம் கொடுக்கலாம். அந்த 166 பேர் யார் என்று தேடவும் வேண்டாம். மாநிலத் தரவரிசைப் பட்டியல் சங்கத்தின் கையில் இருக்கிறது.